ஹேக்கர் இல்லாமலே நடந்த விபத்து

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ‘டிரைவர் இல்லாத கார்களைப் பற்றிப் படங்கள் கிளப்பும் ஹேக்கர் பயம் தேவையான எச்சரிக்கையா, வீண் பீதியா?’ என்பது தலைப்பு. வீண் பீதிதான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தோழி 2015-ல் அமெரிக்காவில் நடந்ததை எடுத்துச் சொன்னார். சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் என்ற இரண்டு ஆய்வாளர்கள், நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்த ஜீப் செரோக்கி ஒன்றை எங்கோ உட்கார்ந்தபடி முடக்கிக் காட்டினார்கள். உண்மைதான். ஆனால் அது மனிதர் ஓட்டிய வண்டி. ஓட்டிய பத்திரிகையாளரும் சம்மதித்துத்தான் ஏறினார். அப்புறம் கம்பெனி 14 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்து மென்பொருளைச் சரிசெய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலையிலிருந்து புதுக் கார் விற்க சைபர் பாதுகாப்பு ஏற்பாடு கட்டாயம். அந்த ஓட்டையை அடைக்க ஆள் இருக்கிறார்கள்.

சினிமா என்ன காட்டியது? 2017-ல் வந்த ‘தி ஃபேட் ஆஃப் தி ஃபியூரியஸ்’ படத்தில் ஹேக்கரான வில்லி உத்தரவு போடுகிறாள். நியூயார்க் தெருக்களில் விதவிதமான கார்கள் மந்தையாகப் பாய்கின்றன, பார்க்கிங் கட்டடத்திலிருந்து கொட்டுகின்றன. ஒவ்வொரு கம்பெனிக்கும் மென்பொருள் வேறு, பூட்டு வேறு. அத்தனைக்கும் ஒரே சாவியா?

2023 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸில் ‘லீவ் தி வேர்ல்ட் பிஹைண்ட்’ வந்தது. ஆளில்லாத டெஸ்லா கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக மோதிக் குவிகின்றன. அதே மாதம் டெஸ்லா நிஜமாகவே அமெரிக்காவில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களுக்குத் திருத்தம் அறிவித்தது. எதற்காக? ஆட்டோபைலட் என்ற ஓட்டுநர் உதவி மென்பொருள் ஓடும்போது டிரைவர் சாலையைக் கவனிக்கிறாரா என்று உறுதிசெய்யும் ஏற்பாடு போதவில்லை என்பதற்காக! ஹேக்கருக்கு அதில் பங்கே இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துவிடும். 2018 மார்ச் 18 இரவு, அரிசோனாவின் டெம்பே நகரம். ஒரு பெண் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடக்கிறார். ஊபர் சோதனை ஓட்டம் விட்ட தானியங்கி கார் மோதி இறந்துபோகிறார். விசாரணையில் தெரிந்தது இது: மோதுவதற்கு 5.6 விநாடிக்கு முன்பே காரின் கருவிகள் அவரைக் கண்டுவிட்டன. ஆனால் வாகனமா, சைக்கிளா, வேறெதுவுமா என்று மாற்றி மாற்றிக் கணித்துக்கொண்டே இருந்தது அந்த மென்பொருள். நடப்பதற்கென்று குறித்த இடத்தில் அல்லாமல் ஒருவர் குறுக்கே வரக்கூடும் என்று அதற்குச் சொல்லித்தரவே இல்லை. காரைத் தயாரித்தவர்கள் வைத்திருந்த அவசர பிரேக்கையும் ஊபர் சோதனைக்காக அணைத்து வைத்திருந்தது. கண்காணிக்க உட்கார்ந்திருந்தவர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதில் ஹேக்கர் எங்கே, நடுவர் அவர்களே? வில்லன் வெளியிலிருந்து வந்தால் கம்பெனியும் பாதிக்கப்பட்ட கட்சி ஆகிவிடுகிறது. ‘அவசர பிரேக்கை ஏன் அணைத்தீர்கள்?’ என்று அதனிடம் கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை. இந்தப் படங்கள் செய்கிற கெடுதல் இதுதான்.

என் தம்பி மகனுக்குப் பன்னிரண்டு வயது. அந்த நியூயார்க் காட்சியைப் பார்த்துவிட்டு, “பெரியப்பா, நம்ம காரையும் யாராவது ஹேக் பண்ணுவாங்களா?” என்று கேட்டான். குறுக்கே நடந்து வருகிற ஆளை அந்தக் காருக்கு அடையாளம் தெரியுமா என்று அவன் கேட்கவில்லை. அப்படிக் கேட்க வைக்கிற காட்சி ஒன்றுகூட அவன் பார்த்த படத்தில் இல்லையே, நடுவர் அவர்களே!