ஊதச் சொன்ன பிறகு

வணக்கம் நேயர்களே.

மாஜிஸ்திரேட் நீதிமன்ற வாசலில் காலை பத்தரை மணிக்கு வந்து பாருங்கள். குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டவர்கள் வரிசையாக நிற்பார்கள். கையில் ஊதுகிற மெஷின் அச்சடித்துத் தந்த சீட்டு, மடித்து மடித்து நைந்துபோயிருக்கும். வக்கீலான என் கறுப்பு அங்கியைப் பார்த்ததும் யாராவது ஒருவர் கிட்டே வந்து கேட்பார்: "சார், பத்தாயிரம் கட்டிட்டா முடிஞ்சிருமில்ல?"

அவ்வளவு சுலபமாக முடிவதில்லை. ஹெல்மெட் போடாததற்கு ரோட்டிலேயே அபராதம் கட்டிவிட்டுப் போகலாம். குடித்து ஓட்டினால் நீதிமன்றப் படி ஏறித்தான் ஆக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவு, முதல் தடவைக்கே ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே என்கிறது. 2019 திருத்தத்துக்கு முன்பு முதல் தடவைக்கு அதிகபட்ச அபராதமே 2,000 ரூபாய்தான். மறுபடி மாட்டினால் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது 15,000 அபராதம், அல்லது இரண்டுமே. குற்றம் உறுதியானால், எந்தத் தடவையானாலும் லைசென்ஸும் கொஞ்ச காலத்துக்குப் போய்விடும்.

"நான் ஸ்டெடியாத்தானே சார் ஓட்டினேன்?" இது அடுத்த கேள்வி. சட்டம் ஸ்டெடியைக் கேட்பதில்லை. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறது. ஒரு குவார்ட்டர் 180 மில்லி. அதில் ஆல்கஹால் மட்டுமே ஏறத்தாழ 60 கிராம். எழுபது கிலோ ஆள் ஒரே மூச்சில் குடித்தால் ரத்தத்தில் 120 மில்லிகிராமைத் தொட்டுவிடும். உடம்பு ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் கழிக்கும். ராத்திரி பதினொன்றுக்குக் குடித்துவிட்டு, விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து மார்க்கெட்டுக்கு வேன் எடுக்கிற டிரைவர் "நேத்துதானே குடிச்சேன்" என்பார். மெஷின் "இன்னும் இருக்கு" என்று காட்டும். மோர், எலுமிச்சை, பாக்கு, சூயிங்கம் எதற்கும் அது ஏமாறாது. வாடை வாயிலிருந்து வருவதாக நாம் நினைக்கிறோம். மெஷின் அளப்பது நுரையீரலிலிருந்து வருகிற காற்றை.

ஊத மாட்டேன் என்று அடம்பிடிப்பவர்களும் உண்டு. நியாயமான காரணம் இல்லாமல் மறுத்தால், அந்த மறுப்பே உங்களுக்கு எதிராக நிற்கும். பிடிபட்டவருக்கும் ஓர் உரிமை இருக்கிறது, அதைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்தக் குற்றத்துக்காகக் கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடத்த வேண்டும். நடத்தாவிட்டால் காவலிலிருந்து விட்டுவிட வேண்டும்.

பின் சீட்டில் உட்கார்ந்து வருகிறவரும் தப்ப முடியாது. குற்றத்துக்குத் துணைபோவதைத் தண்டிக்கிற 188-ஆவது பிரிவின்படி அவருக்கும் அபராதம் உண்டு என்று சென்னைப் போக்குவரத்துக் காவல் துறை 2022 அக்டோபரில் அறிவித்தது. நண்பனுக்குத் துணையாகப் போனவர்கள் அன்றைக்கு ரொம்பவே கோபப்பட்டார்கள்.

உயிர் போய்விட்டால் கதை வேறு. 2006 நவம்பரில் மும்பை பாந்த்ராவில், கார்ட்டர் ரோட்டு நடைபாதையில் தூங்கிக்கொண்டிருந்த கூலித் தொழிலாளர்கள் மேல் ஒரு கார் ஏறியது. ஏழு பேர் இறந்தார்கள். ஓட்டியவர் குடித்திருந்தார். விசாரணை நீதிமன்றம் அதைக் கவனக்குறைவு என்று எடுத்துக்கொண்டு ஆறு மாதம் கொடுத்தது. உயர் நீதிமன்றம், 'உயிர் போகும் என்று தெரிந்தே செய்தது' என்று மூன்று வருடமாக்கியது. 2012-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கவனக்குறைவு, தெரிந்தே செய்தது: இன்றைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இவை இரண்டு வெவ்வேறு பிரிவுகள். முதலாவதற்கு ஐந்து வருடம் வரை சிறை, இரண்டாவதற்குப் பத்து வருடம் வரை.

இன்சூரன்ஸ் பற்றி ஒரே ஒரு விஷயம். குடித்து ஓட்டி இடித்தால் உங்கள் வண்டியின் சேதத்துக்குக் கம்பெனி பணம் தராது. அடிபட்டவர் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை வண்டி உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளும்படி கம்பெனியிடம் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்கள் சொல்வதுண்டு. அப்படி ஓர் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு லோடு வேன் முதலாளி என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். விபத்து நடந்த ராத்திரி அவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். "டிரைவர்கிட்ட சாவியைத்தானேய்யா குடுத்தேன்," என்றார். "அவன் அப்பவே குடிச்சிருந்தானா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தவர், "லேசா வாடை வந்துச்சு," என்றார்.