தொலைந்துபோன ஒரு கேள்விக்குறி

வணக்கம். பின்வரிசையில் இருப்பவர்களுக்குக் கேட்கிறதா? சரி.

ஒரு கலை அருங்காட்சியகத்தின் பதிப்புப் பிரிவுக்குத் தலைமை வகிப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். தலைமை என்றதும் பெரிதாக ஏதோ தோன்றும். அந்த நாற்காலியில் இருந்த வருஷங்களில் நான் பெரும்பாலும் செய்தது, கட்டுரை தராதவர்களைத் துரத்தியதும், கட்டுரையை நீளமாகத் தந்தவர்களிடம் மன்றாடியதும், நடுவில் கிடைத்த நேரத்தில் மெய்ப்பு, அதாவது ப்ரூஃப், பார்த்ததும்தான். அதனால் நிர்வாகம் பற்றிப் பொதுவாகப் பேசாமல் நான் செய்த ஒரு தப்பிலிருந்து தொடங்குகிறேன்.

ஒரு கண்காட்சி நூல். அதில் ஒரு ஓவியத்துக்குக் காப்பாட்சியர், அதாவது நாம் க்யூரேட்டர் என்று சொல்கிறோமே அவர், ஒரு வருஷத்தை எழுதிப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருந்தார். அவருக்கு அந்த வருஷத்தில் சந்தேகம். கித்தானின் நெசவையும் நிறங்களையும் பார்த்து ஒரு ஊகத்துக்கு வந்திருந்தார், அவ்வளவுதான். படப் பட்டியலுக்கு எழுத்துருவை மாற்றியபோது அந்தப் புது எழுத்துருவில் ஏதோ கோளாறு, கேள்விக்குறிகள் எல்லாம் சின்னக் கட்டங்களாக வந்தன. யாரோ கட்டங்களைத் தேடி ஒரே சொடுக்கில் நீக்கிவிட்டார்கள். மூன்றாம் மெய்ப்பில் பக்கம் சுத்தமாக இருந்தது, நானும் கையெழுத்துப் போட்டேன். சுத்தமான பக்கத்தைப் பார்த்தால் எந்த எடிட்டருக்கும் ஒரு நிம்மதி வரும், அந்த நிம்மதியை நம்பவே கூடாது.

பத்து வருஷம் கழித்து வேறொரு நூலின் அடிக்குறிப்பில் அதே வருஷத்தைப் பார்த்தேன். சந்தேகமே இல்லாத வருஷமாக, எங்கள் நூலைச் சான்றாகக் காட்டி, பக்க எண்ணோடு. காப்பாட்சியருக்கு இருந்த சந்தேகத்தை நாங்கள் அச்சில் உண்மையாக்கிவிட்டோம்.

அன்றைக்குத்தான் இந்தப் பிரிவின் வேலை எனக்கு உறைத்தது. அருங்காட்சியகத்தில் எல்லோருக்கும் உறுதியான வாக்கியம் பிடிக்கும். விளம்பரப் பிரிவுக்குப் பெரிய பெயர் வேண்டும், வடிவமைப்பாளருக்குத் தூய்மையான பக்கம் வேண்டும், நன்கொடை தருபவருக்குத் தான் தந்த படம் யாருடையது என்று ஒரே சொல்லில் வேண்டும். தெரியாததைத் தெரியாதென்று எழுதவைக்கிற பொறுப்பு கடைசியில் எடிட்டர் தலையில்தான் விழுகிறது.

ஓவியரின் பெயருக்கு முன்னாலும் பின்னாலும் வருகிற சின்னச் சொற்களைப் பாருங்கள். 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் ரெம்பிராண்டை எடுத்துக்கொள்ளுங்கள். 'ரெம்பிராண்ட்' என்றால் அவர் கை. 'ரெம்பிராண்டினுடையதாகக் கருதப்படுவது' என்றால் அநேகமாக அவர் கை. 'ரெம்பிராண்டின் பட்டறை' என்றால் அவர் கூரைக்குக் கீழே யாரோ. 'வட்டம்' என்றால் அவருக்கு நெருக்கமாக, அவர் காலத்தில் யாரோ. 'பாணியில்' என்றால் எந்தக் காலத்து ஆளாகவும் இருக்கலாம். ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் வருஷக்கணக்கில் ஆராய்ச்சி இருக்கிறது, ஏலத்தில் விலையும் அதற்கேற்ப மாறும், ஆனால் சுவரொட்டியில் முதலில் வெட்டுப்படுவது இந்தச் சொல்தான், ஏனென்றால் இடம் பற்றாது.

பெர்லினில் 'தங்கத் தலைக்கவசம் அணிந்த மனிதர்' என்று ஒரு ஓவியம் இருக்கிறது. நெடுங்காலம் அந்த ஊரின் மிகப் பிரபலமான ரெம்பிராண்ட் அதுதான். 1980களில் ஆய்வு செய்து, அது அவர் வரைந்ததல்ல, அவர் வட்டத்தைச் சேர்ந்த யாரோ வரைந்தது என்று அறிவித்தார்கள். கவசத்தின் மினுமினுப்பு ஒரு துளிகூடக் குறையவில்லை, மாறியது பக்கத்தில் இருந்த எழுத்துதான். அந்த எழுத்தை மாற்றுவதென்றால் பெயர்ப்பலகை, வழிகாட்டிப் புத்தகம், அஞ்சலட்டை, ஒலி வழிகாட்டி என்று எத்தனை இடத்தில் கை வைக்க வேண்டும் என்பது எங்கள் மாதிரி ஆட்களுக்குத்தான் தெரியும்.

தலைப்புகளும் அப்படித்தான். பழைய ஓவியங்கள் பலவற்றுக்கு ஓவியரே வைத்த தலைப்பு கிடையாது. ரெம்பிராண்ட் 1642இல் முடித்த 'இரவுக் காவல்' இரவுக் காட்சியே இல்லை. மேல்பூச்சு காலப்போக்கில் கறுத்துப்போனதால் இரவு மாதிரி தெரிந்தது, பிற்காலத்தில் வந்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. தப்பென்று தெரிந்தும் மாற்ற முடியாது, மாற்றினால் யாராலும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

சரி, அன்றாட வேலைக்கு வருகிறேன். கண்காட்சித் திறப்பு நாள் நகராது. அதிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும்: நூல் வந்து சேர, பைண்டிங் காய, அச்சு ஓட, வண்ணம் சரிபார்க்க, பட உரிமை வாங்க, மொழிபெயர்க்க. எண்ணி முடித்தால் கட்டுரைகள் போன மாதமே வந்திருக்க வேண்டும் என்று தெரியும். காப்பாட்சியர்களைக் குறை சொல்லவில்லை. கடனாக வரவேண்டிய ஓவியம் வருமா வராதா என்பதே அவர்களுக்குக் கடைசி வரை தெரியாது. ஆனால் அச்சகத்துக்கு மனசு கிடையாது. பக்கங்கள் 16 பக்கப் பாரங்களாக, அதாவது ஒரே பெரிய தாளில் 16 பக்கம் சேர்ந்த கட்டுகளாக, ஓடுகின்றன. கடைசி வாரத்தில் ஒருவர் 'மூன்றே பக்கம்தான், சேர்த்துவிடுங்கள்' என்பார். அந்த மூன்றுக்கு நான் இன்னொரு பாரம் போட்டால் மிச்சம் 13 பக்கத்தில் என்ன அடிப்பது? இந்தக் கணக்கை நேரில் உட்கார்ந்து விளக்கிய பிறகு மூன்று பக்கமும் தானாகவே சுருங்கிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த வேலை வண்ணம் சரிபார்ப்பது. வண்ண மெய்ப்பை எடுத்துக்கொண்டு காட்சிக்கூடத்துக்குப் போய் ஓவியத்தின் பக்கத்தில் பிடித்துப் பார்ப்போம் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். போகத்தான் போவோம், ஆனால் அங்கே சிக்கல். காகிதத்தில் வரைந்த படங்களுக்குக் கூடத்தில் 50 லக்ஸ் அளவுக்குத்தான், அதாவது மங்கலாகத்தான், வெளிச்சம் விடுவார்கள், அதுவும் பெரும்பாலும் மஞ்சள் சாயல் கொண்ட விளக்கு. அச்சுத்தாளைப் பார்க்க வேண்டிய தரமான வெளிச்சமோ, விளக்கின் நிறச் சாயலை அளக்கும் கணக்கில், 5000 கெல்வின், பகல் மாதிரி. இரண்டுக்கும் நடுவில் நின்று எது உண்மையான நிறம் என்று கேட்டால் யாருக்கும் பதில் இல்லை. எங்களிடம் ஒரு புகைப்படக்காரர் இருந்தார். படம் எடுக்கும்போதே ஓவியத்தின் ஓரத்தில் வண்ண அட்டை வைத்து எடுப்பார், அப்புறம் மெய்ப்பு வந்ததும் ஓவியத்தில் இருக்கும் முகத்தைப் பார்க்கவே மாட்டார், அதிலுள்ள ஒரு வெள்ளைத் துணியையோ சாம்பல் நிறச் சுவரையோ மட்டும் பார்ப்பார். சாம்பல் சரியாக விழுந்தால் முகம் தானாகச் சரியாகிவிடும் என்பார். பெரும்பாலும் விழுந்தது. சில நிறங்கள் விழவே விழாது. பிரெஞ்சு ஓவியர் இவ் க்ளைனின் புகழ்பெற்ற அந்த அடர் நீலத்தை அச்சின் வழக்கமான நான்கு மையில் கொண்டுவர யார் முயன்றாலும் தோற்பார்கள், அதற்கென்று தனி மை வாங்கினாலும் அந்தத் தூளின் வெல்வெட் மாதிரியான பரப்பு காகிதத்தில் வராது.

தப்பான நிறம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு டச்சு ஓவியர் வெர்மீரின் 'பால் ஊற்றும் பெண்' நல்ல உதாரணம். இணையத்தில் அதன் மஞ்சளடித்த நகல்கள் ஆயிரக்கணக்கில் சுற்றின. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் கடையில் சரியான நிறத்தில் அச்சிட்ட அஞ்சலட்டையை வாங்க வந்தவர்கள் இது போலி மாதிரி இருக்கிறதே என்றார்களாம். நல்ல படத்தை அருங்காட்சியகமே எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் திறந்துவிடுவதுதான் வழி என்று அவர்கள் முடிவுக்கு வர அதுவும் ஒரு காரணம். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017இல் சுமார் 3,75,000 படங்களை யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. உரிமைக் கடிதம் எழுதியே ஆயுளைக் கழித்தவன் நான், செய்தியைப் படித்தபோது கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. ஏனென்றால் மறுபக்கம் பிகாசோ இருக்கிறார்: 1973இல் இறந்தார், ஐரோப்பிய நாடுகளில் இறப்புக்குப் பின் 70 வருஷம் காப்புரிமை, ஆக 2043 முடியும்வரை அவர் ஓவியத்தின் ஒரு சின்னப் படத்துக்குக்கூட அனுமதி கேட்டே ஆக வேண்டும்.

காட்சிக்கூடத்தில் பார்வையாளர்கள் படிக்க ஒட்டும் சுவர் உரைகளைப் பற்றி ஒன்றே ஒன்று. கணினித் திரையில் வைத்துத் திருத்தாதீர்கள். உண்மையான அளவில் அச்செடுத்துச் சுவரில் ஒட்டி, நின்றுகொண்டு, முன்னால் இரண்டு பேரை மறைக்கச் சொல்லிவிட்டுப் படியுங்கள். பாதியை நீங்களே வெட்டிவிடுவீர்கள்.

இப்போது நூல்கள் இணையத்துக்கு வந்துவிட்டன. மெட்ரோபாலிட்டன் 2012இலும் லாஸ் ஏஞ்சலிஸின் கெட்டி அருங்காட்சியகம் 2014இலும் தங்கள் பழைய நூல்களை இலவசமாகப் படிக்கத் திறந்தன. பிழையை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாமே, உங்களுக்கு என்ன கவலை என்று இளம் எடிட்டர்கள் கேட்கிறார்கள். திருத்தலாம்தான். ஆனால் சத்தமில்லாமல் திருத்தினால், நேற்றுப் படித்து மேற்கோள் காட்டியவர் இன்று பொய்யராகிவிடுவார். அதனால் பழையது என்ன, புதியது என்ன, எந்தத் தேதியில் யார் மாற்றினார் என்று பக்கத்தின் அடியில் எழுதச் சொல்லுவேன். இது பிடிக்காத மேலதிகாரிகளையும் பார்த்திருக்கிறேன், நம் தப்பை நாமே விளம்பரப்படுத்துவதா என்பார்கள்.

எங்கள் நூல் இணையப் பதிப்பாக வந்தபோது முதலில் அந்த ஓவியத்தின் பதிவைத்தான் திறந்தேன். இந்த முறை குறியை நம்பவில்லை, எழுத்திலேயே போட்டோம்: 'வருஷம் உறுதியில்லை.' அதன் கீழே திருத்தத் தேதி. அந்த இன்னொரு நூலின் ஆசிரியருக்கும் கடிதம் எழுதினேன். அடுத்த பதிப்பில் பார்க்கிறேன் என்று ஒருவரியில் பதில் வந்தது. அடுத்த பதிப்பு இன்னும் வரவில்லை.