பள்ளிக்கொரு மழைமானி

(தண்டையார்பேட்டையில் நூலக வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, எத்தனையோ அலுவல்களுக்கு நடுவே வந்து அமர்ந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, மாணவிகளை அழைத்து வந்திருக்கும் தலைமையாசிரியை அவர்களே, நாற்காலி போதாமல் நின்றுகொண்டே கேட்கும் காசிமேட்டுப் பெரியவர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். எனக்குப் பொன்னாடை வேண்டாம், அந்தப் பணத்தை நான் கேட்கப்போகும் காரியத்துக்குத் தாருங்கள் என்று தலைவரிடம் முன்பே சொல்லியிருந்தேன். பெரிய மனதோடு இசைந்தார். அவருக்கு என் நன்றி.

மூன்று செய்திகளைப் பேச வந்திருக்கிறேன். கடல்நீர் எப்படி மேலேறுகிறது, மேகம் எப்படி மழையாகிறது, புயல் எங்கே பலம் பெறுகிறது.

ஈரக்காற்றுதான் கனமானது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மை நேர்மாறு. நீரின் மூலக்கூறு எடை 18. உலர்ந்த காற்றின் சராசரி 29. ஆவி கலந்த காற்று இலேசானது. வெயிலும் சேர்ந்தால் மேலே எழும்பும். உயரே போகப் போக அழுத்தம் குறைந்து விரியும், விரிந்தால் குளிரும். மேகம் கட்டும்வரை கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10 டிகிரி குளிரும். அதற்குமேல் ஆவி துளியாகியே தீரவேண்டும். ஆனால் ஒட்டிக்கொள்ள ஒரு துகள் வேண்டும். அலை உடையும்போது தெறிக்கும் திவலை காய்ந்து உப்புத்தூளாகக் காற்றில் ஏறுகிறதே, கடலோரத்தில் அந்த வேலையை அது நன்றாகச் செய்கிறது.

உப்பு என்றதும் என் அத்தையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. காசிமேட்டில் நெத்திலி காயவைத்து விற்றவர். அடுப்பங்கரை உப்புஜாடிக்குள் கைவிட்டு, விரலோடு விரலை உரசிப் பார்ப்பார். பொலபொலவென்று உதிர்ந்தால் மீன் பாயிலேயே கிடக்கும். பிசுபிசுத்தால் பாயைச் சுருட்டிவிடுவார். ஓர் ஆவணி மாதப் பிற்பகல், வானத்தில் பொட்டு மேகமில்லை. அத்தை கருவாட்டை வாரிக் கூடையில் போடச் சொல்லிவிட்டார். எடைபோட வந்த வியாபாரிக்குச் சிரிப்பு. "ஆயா, இன்னும் ஒரு மணி நேரம் காயட்டும். ஈரக் கருவாட்டுக்கு நான் விலை தரமாட்டேன்" என்றார். "உப்பு கசிகிறது தம்பி. நீயும் வண்டியை மூடிக் கட்டு" என்றார் அத்தை. அவர் கட்டவில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் மாதவரம் பக்கம் கறுத்தது. அவர் ஓடுகிறார், தார்ப்பாயோ மூட்டைகளுக்கு அடியில்! இழுப்பதற்குள் மூன்று வீட்டுச் சரக்கும் ஊறிவிட்டது. எங்கள் தாழ்வாரத்தில் ஒண்டிக்கொண்டு, "விட்டுவிடுமா ஆயா, விட்டுவிடுமா?" என்று கேட்டபடியே நின்றார். அத்தை டீயை நீட்டி, "அந்தி மழை அழுதாலும் விடாது. குடி" என்றார். மறுநாளிலிருந்து அந்த மனிதர் வாசலில் வண்டியை நிறுத்தினால், விலை கேட்கும் முன் கேட்பது, "ஆயா, இன்று உப்பு எப்படி?"

அந்தி மழை அழுதாலும் விடாததற்குக் காரணம் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காலத்தில் மேற்கிலிருந்து வெப்பக்காற்று வீசுகிறது. மதியத்துக்குமேல் கடற்காற்று உள்ளே நுழைந்து அதனோடு மோதுகிறது. மோதுமிடத்தில் காற்று மேலேதான் போகவேண்டும். ஒரு கிராம் ஆவி நீராகும்போது ஏறக்குறைய 600 கலோரி வெப்பம் வெளிப்படுகிறது. அதுவே மேகத்தை இன்னும் உயரே தள்ளுகிறது. ஏறத்தாழ பத்து லட்சம் மேகத்துளிகள் சேர்ந்தால்தான் ஒரு மழைத்துளி.

2025 ஆகஸ்ட் 30 இரவு மணலியில் சுமார் 27 செ.மீ. கொட்டியது. தலைக்குமேல் இருக்கும் ஆவி முழுவதும் நீரானாலும் உலகச் சராசரி இரண்டரை செ.மீ.தான். அப்படியானால் சுற்றுப்புறத்து ஈரமெல்லாம் ஓரிடத்துக்கு ஓடிவந்து இறங்கியிருக்கிறது. நகரம் முழுவதும் அன்று அப்படிப் பெய்யவில்லை. நான் வருவதற்கு இதுதான் காரணம்.

1792இல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வுக்கூடம் எழும்பியது. இன்றும் சென்னை மழை என்றால் நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் கணக்குதான் முதலில் வருகிறது. மணலியிலும் எண்ணூரிலும் இப்போது மழைமானிகள் இருக்கின்றன, மகிழ்ச்சி. ஆனால் வியாசர்பாடியில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது ராயபுரத்தில் தூறல்கூட இல்லாத நாளை நீங்கள் பார்த்ததில்லையா? அந்தி மழை அழுதாலும் விடாது, சரி. எந்தத் தெருவை அழவைத்தது என்பதற்குக் கணக்கு வேண்டாமா? கொடுங்கையூருக்கு எத்தனை அகல வடிகால் வேண்டும் என்று கேட்கப் போனால், கையில் நம் ஊர் எண் இருக்கவேண்டும்.

வடசென்னையின் ஒவ்வொரு மாநகராட்சிப் பள்ளியிலும் ஒரு மழைமானி வையுங்கள். மரநிழலும் சுவர் மறைவும் இல்லாத திறந்த இடம் போதும். காலை 8.30க்கு ஒரு மாணவி அளந்து நோட்டில் எழுதட்டும். ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். பள்ளி மாடியில் எத்தனை லிட்டர் விழுந்தது என்பதை அவளே பெருக்கிச் சொல்லிவிடுவாள்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். புயலை அடுத்த கூட்டத்துக்கு வைத்துக்கொள்கிறேன். மாமன்ற உறுப்பினருக்கான மனு வாசல் மேசையில் இருக்கிறது. தலைமையாசிரியை முதல் கையெழுத்தைப் போட்டுவிட்டார். பேனாவும் அங்கேயே இருக்கிறது. உறுப்பினர் அவர்கள் புறப்படுவதற்குள் எல்லோரும் போட்டுவிடுங்கள். நன்றி, வணக்கம்.