பரிசு 1 லட்சம் டாலர்... ஆனால் ஜெயித்தது யார்?

போட்டியில் ஜெயித்தால் 1 லட்சம் டாலர். ஒரே ஒரு நிபந்தனைதான்: போட்டி நடத்துகிற கம்பெனியின் சாப்ட்வேரில் நீங்கள் ஒரு புதிய இணையக் கடை திறக்க வேண்டும். அந்த சாப்ட்வேருக்கு மாதச் சந்தா உண்டு!

ஏதோ ஏமாற்று வேலை மாதிரி இருக்கிறதா? இல்லை மக்களே, நடத்தியது ஷாப்பிஃபை, இணையக் கடை நடத்த சாப்ட்வேர் தரும் கனடா கம்பெனி.

[திரையில்: பனிச்சறுக்குப் பலகை]

முன்கதையை வேகமாகப் பார்த்துவிடலாம். ஜெர்மனியிலிருந்து கனடாவின் ஒட்டாவாவுக்கு வந்த டோபி லூட்கே, 2004-ல் பனிச்சறுக்குப் பலகை விற்க ஸ்னோடெவில் என்ற இணையக் கடையைத் தொடங்குகிறார். அப்போது கிடைத்த கடை சாப்ட்வேர் எதுவும் பிடிக்காமல் தானே ஒன்றை எழுதுகிறார். 2006-ல் பலகையை விட்டுவிட்டு அந்த சாப்ட்வேரையே ஷாப்பிஃபை என்ற பெயரில் விற்க ஆரம்பிக்கிறார். அவ்வளவுதான்.

சரி, அதை யாரிடம் விற்பது? ஏற்கெனவே கடை நடத்துகிறவர் லேசில் மாற மாட்டார். "என்றைக்காவது சொந்தமாகத் தொழில் தொடங்க வேண்டும்" என்று நாள் கடத்துகிறவருக்கோ சாப்ட்வேரே தேவையில்லை. இந்த இரண்டாவது ஆளைக் கிளப்பிவிடத்தான் 2010-ல் 'பில்ட் எ பிசினஸ்' போட்டி.

இந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு கல்யாண மண்டபக்காரர், "யார் வீட்டுக் கல்யாணம் அமர்க்களமாக நடக்கிறதோ அவர்களுக்குப் பெரிய பரிசு" என்று அறிவிக்கிறார். ஆனால் கல்யாணம் அவர் மண்டபத்தில்தான் நடக்க வேண்டும், வாடகை தனி! பரிசு ஒரு வீட்டுக்குத்தான்; மண்டபமோ சீசன் முழுக்க ஃபுல். அதே கதைதான் இது.

இதில் நடுவர் குழுவுக்குப் பெரிய வேலை இல்லை. அதிகம் விற்றவர் வெற்றியாளர், அவ்வளவுதான். ஆக, ஒவ்வொரு ஆர்டரும் "இந்த சாப்ட்வேர் வேலை செய்கிறது" என்பதற்குச் சாட்சி. தோற்றவர்களும் எங்கே போவார்கள்? பொருள்களின் படம், விலை, வாடிக்கையாளர் பட்டியல் எல்லாம் உள்ளேதானே இருக்கிறது!

[திரையில்: ஐபேட் உறை]

முதல் வெற்றியாளர், சான் பிரான்சிஸ்கோவின் டோடோகேஸ். ஐபேட் விற்பனைக்கு வந்த அதே 2010-ல் அதற்கு உறை செய்தவர்கள். பார்த்தால் பழைய கெட்டி அட்டை நோட்டுப் புத்தகம் மாதிரி இருக்கும். திறந்தால் உள்ளே மூங்கில் சட்டம், அதில் ஐபேட். புத்தகம் பைண்டிங் செய்கிற பழைய முறையில் செய்த உறை. அன்றைய அமெரிக்க அதிபர் ஒபாமா கையிலேயே அது காணப்பட்டது! எந்த விளம்பரக் கம்பெனிக்கு எவ்வளவு கொட்டிக் கொடுத்தால் இது நடக்கும், சொல்லுங்கள்?

ஆள் சேர்க்க ஷாப்பிஃபை செய்த மற்றவற்றை ஒரே மூச்சில் சொல்கிறேன்: கடைக்குப் பெயர் யோசித்துத் தரும் இலவசக் கருவி, இலவசப் படங்கள், கடைப் பக்கத்தின் அடியில் ஷாப்பிஃபை பெயர் தாங்கிய ஒரு வரி, வெளி டெவலப்பர்களுக்கு ஆப் ஸ்டோர்.

ஒரு எச்சரிக்கை. "நானும் பி2பி, அதாவது கம்பெனிகளுக்கான சாப்ட்வேர் விற்கிறேன், நாளைக்கே போட்டி வைக்கிறேன்" என்று கிளம்பிவிடாதீர்கள். இது தனி ஆளே முடிவெடுக்கிற சின்னக் கடைக்குத்தான் எடுபடும். டீலர்களிடம் ஆன்லைனில் ஆர்டர் வாங்க நினைக்கும் ஒரு ஃபேக்டரியில் பர்ச்சேஸ் மேனேஜர், ஐடி ஆள், அக்கவுண்டன்ட் மூவரும் தலையாட்ட வேண்டும். அக்கவுண்டன்டிடம் போய்ப் போட்டி, பரிசு என்றால் சிரிப்பார். "எங்கள் கணக்கு சாப்ட்வேரோடு இது ஒத்துப்போகுமா?" என்பதுதான் அவர் கேள்வி. அதை அவர் கண் முன்னால், அவர் கம்பெனி இன்வாய்ஸை வைத்தே ஓட்டிக் காட்ட வேண்டும்.

அந்த மூவரில் உங்களை அதிகம் அலையவிட்டவர் யார்? கமென்டில் கொட்டுங்கள். என் ஓட்டு அக்கவுண்டன்டுக்குத்தான்!