பதினான்கு நெற்றிப்பட்டங்கள்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

"ரயிலை வெள்ளைக்காரன் போட்டுக் கொடுத்தான்" என்று சொல்லிச் சொல்லி நமக்குப் பழகிவிட்டது. யார் பணத்தில் போட்டான் என்று நாம் கேட்பதில்லை. கொச்சி சமஸ்தானத்து ரயிலின் கதை அந்தக் கேள்விக்கு ஒரு பதில். எனக்கு மிகவும் நெருக்கமான பதில் என்பதால் இன்று அதையே பேச வந்தேன்.

சென்னையிலிருந்து சேலம், போத்தனூர், பாலக்காடு வழியாக மேற்குக் கடற்கரையின் பேப்பூர் வரை மெட்ராஸ் ரயில்வேயின் அகலப்பாதை 1862இல் முழுமையடைந்தது. வழியில் இருக்கிறது ஷொர்ணூர். அது பிரிட்டிஷ் மலபார். பாரதப்புழை ஆற்றைத் தாண்டினால் செறுதுருத்தி, அது கொச்சி ராஜ்யம். எதிர்க்கரையில் ரயில் ஓடுகிறது, இந்தக் கரையில் மாட்டுவண்டியும் வள்ளமும். மிளகும் தேங்காயும் விளைகிற நாடு, நல்ல துறைமுகத்தின் பக்கத்து நாடு, 40 ஆண்டுகள் அப்படியே காத்திருந்தது.

1895இல் பட்டத்துக்கு வந்த ராஜா ராமவர்மாவுக்கு அந்தக் காத்திருப்பு பொறுக்கவில்லை. சமஸ்கிருதத்தில் ஆழ்ந்த புலமை உள்ளவர், 'ராஜரிஷி' என்று ஜனங்கள் அழைத்தவர். அவருக்குத் திவானாக வாய்த்தவர் நம் பக்கத்து மனிதர் பெருங்காவூர் ராஜகோபாலாச்சாரி. 1896 முதல் 1901 வரை, ரயில் வேலை பேசப்பட்டு நடந்த காலத்தில், நிர்வாகம் அவர் கையில் இருந்தது. ஷொர்ணூரிலிருந்து எர்ணாகுளம் வரை சுமார் 65 மைல் போட வேண்டும். செலவு சமஸ்தானத்துடையது. சின்ன ராஜ்யம், கஜானாவில் இருந்தது போதவில்லை.

திருப்பூணித்துறையில் பூர்ணத்ரயீசர் கோவில் இருக்கிறது, கொச்சி அரச குடும்பத்தின் குலதெய்வம். விருச்சிகோற்சவத்தில் 15 யானைகள் வரிசையாக நிற்கும், பஞ்சாரி மேளம் கொட்டும். அந்த யானைகள் நெற்றியில் கட்டுவதைத்தான் அங்கே நெற்றிப்பட்டம் என்கிறார்கள். நாம் முகபடாம் என்போம். அந்தக் கோவிலில் இருந்த 15 தங்க நெற்றிப்பட்டங்களில் 14ஐ ராஜா விற்றார். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டார். கொச்சிக்காரர்கள் இன்றும் தொண்டை அடைக்கச் சொல்கிற செய்தி இது. சாமி சொத்தில் கைவைப்பது ஒரு பக்தனுக்கு எவ்வளவு கனமான காரியம்! அதைச் செய்ய வேறு எந்தக் காரணமும் அவருக்குப் போதுமானதாக இருந்திருக்காது என்றே நான் நம்புகிறேன்.

1902 ஜூன் 2ஆம் தேதி சரக்கு வண்டி ஓடியது. ஜூலை 16ஆம் தேதி பயணிகள் வண்டி. வடக்காஞ்சேரி, திருச்சூர், சாலக்குடி, அங்கமாலி, ஆலுவா, எர்ணாகுளம். இதில் அங்கமாலியும் ஆலுவாவும் கொச்சி மண் அல்ல, திருவிதாங்கூர் மண். ஒரு சமஸ்தானம் போட்ட ரயில் இன்னொரு சமஸ்தானத்துக்குள் புகுந்துதான் தன் ஊருக்குப் போய்ச் சேர முடிந்தது.

பணம் கொச்சியுடையது, ரயிலை ஓட்டியது மெட்ராஸ் ரயில்வே. 1908இல் அது தென்னிந்திய ரயில்வேயின் கைக்கு மாறியது. தண்டவாளம் கிடந்த நிலத்தின் மீதான அதிகாரத்தைச் சமஸ்தானங்களிடம் எழுதி வாங்கிக்கொள்வது பிரிட்டிஷ் அரசின் வழக்கம். ஒரு ராஜா தன் செலவில் ரயில் போட்டு, அந்தப் பாதையின் மேல் தன் சட்டம் செல்லாது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்கு இன்றும் மனசு கொதிக்கிற இடம் இதுதான். இன்னொரு சிக்கலும் இருந்தது. கொச்சிப் பாதை மீட்டர் பாதை, அகலப்பாதையைவிடக் குறுகலானது. ஷொர்ணூரில் ஒவ்வொரு மூட்டையையும் இறக்கி, அகலப்பாதை வண்டியில் மறுபடி ஏற்ற வேண்டும். 1930களில் அகலப்பாதையாக மாற்றும் வரை இந்தப் பாடு தொடர்ந்தது.

சாலக்குடியிலிருந்து பறம்பிக்குளம் காட்டுக்கு, ஏறக்குறைய 50 மைலுக்கு, 1907இல் ஒரு டிராம்வேயும் போட்டது கொச்சி அரசு. தேக்கும் ஈட்டியும் மலையிலிருந்து இறங்கியது அதில்தான். செங்குத்தான சரிவுகளில் இன்ஜின் கிடையாது. மரம் ஏற்றிய வண்டி கீழே இறங்கும் கனமே, கம்பிவடத்தின் மறுமுனையில் கட்டிய காலி வண்டியை மேலே இழுத்துவிடும். என்ன அழகான யோசனை! ஆனால் அந்த அழகில் இறங்கி வந்தது ஒரு காடு. அதையும் மறக்க முடியவில்லை. 1951இல் அதை மூட உத்தரவானது. இன்று பறம்பிக்குளத்துக்கு வண்டியில் போக வேண்டுமானால் நம் பொள்ளாச்சி, ஆனைமலை, சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகத்தான் போக வேண்டும்.

ராஜா 1914இல் தானே பட்டத்தைத் துறந்தார். பிரிட்டிஷாரோடு ஒத்துப்போக முடியவில்லை. 'ஒழிஞ்ஞ வலிய தம்புரான்', அதாவது பட்டம் துறந்த பெரிய ராஜா, என்பது அவருக்கு நிலைத்த பெயர்.

அவர் போட்ட எர்ணாகுளம் ஸ்டேஷன் இன்றைய உயர் நீதிமன்றத்துக்குப் பின்பக்கம் இருக்கிறது. வைக்கம் சத்தியாகிரகத்துக்காக 1925இல் வந்த காந்தியடிகள் இறங்கியது அங்கேதான். பின்னால் வெலிங்டன் தீவுத் துறைமுகத்தை நோக்கிப் பாதை திரும்பியது, பயணிகளும் எர்ணாகுளம் தெற்கு நிலையத்துக்குப் போய்விட்டார்கள். சில வருடங்களுக்கு முன் நான் அங்கே போனேன். நடைமேடையைப் பிளந்துகொண்டு மரங்கள் வளர்ந்திருந்தன. செடிகளை விலக்கிப் பார்த்தேன். தண்டவாளம் அடியில் இருந்தது, துருவேறி, தொட்டால் விரலில் ஒட்டியது.

வணக்கம்.