வாஷர் தேய்ந்த அடிபம்பு

நேயர்களுக்கு வணக்கம்.

நான் ஒரு நர்ஸ். எங்கள் சபையிலிருந்து டாக்டர்களும் நர்சுகளுமாக ஒன்பது பேர் போன வருஷம் ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டுக்குப் போய் பத்து நாள் மருத்துவ முகாம் நடத்திவிட்டு வந்தோம். நாட்டின் வடக்கே, லிவிங்ஸ்டோனியாவைச் சுற்றியுள்ள கிராமங்கள். மலாவி ஏரிக்கரையிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் மேலே ஏற வேண்டும். திரும்பிப் பார்த்தால் ஏரி கடல் மாதிரி கிடக்கும்.

அந்த மலையில் மிஷன் ஊரை உருவாக்கியவர் ராபர்ட் லாஸ் என்ற ஸ்காட்லாந்து டாக்டர். 1875-ல் ஏரிக்கு வந்தார். முதலில் கரையோரம்தான் தங்கினார்கள். கூட வந்தவர்களில் சிலரைக் காய்ச்சல் கொண்டுபோனது. 1894-ல் மலைக்கு ஏறினார். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், குழாய்த் தண்ணீர் எல்லாம் அவர் காலத்தில் வந்தவை. ஐம்பது வருஷத்துக்கும் மேல் அந்த நாட்டில் இருந்தார். நாங்கள் இருந்தது பத்து நாள்.

மலாவியில் நோயாளிகள் ஒவ்வொருவரிடமும் ஒரு சின்ன நோட்டு இருக்கும். ஹெல்த் பாஸ்போர்ட் என்பார்கள். ஊசி, மாத்திரை, காய்ச்சல், பிரசவம் எல்லாம் அதில்தான் எழுதப்படும். பிளாஸ்டிக் பையில் சுற்றி, இடுப்புத் துணியில் முடிந்து கொண்டு வருவார்கள். இரண்டாம் நாள் ஒரு பாட்டி அந்த முடிச்சை மெதுவாக அவிழ்த்து நோட்டை நீட்டினார். பிரஷர் 190-க்கு மேல். முப்பது நாளுக்கு மாத்திரை கொடுத்தோம். "யெவோ, யெவோ" என்று இரண்டு கையையும் தட்டி நன்றி சொன்னார்.

பக்கத்தில் அந்த ஊர் சுகாதார உதவியாளர் நின்றிருந்தார். அரசுச் சம்பளத்தில், சைக்கிளில் வீடு வீடாகப் போகிறவர். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் மலேரியா, பேதி, நிமோனியாவுக்கு அவரே மருந்து கொடுப்பார். பாட்டி போனதும் என்னிடம் கேட்டார்: "சிஸ்டர், இந்த மாத்திரை எங்கள் சுகாதார நிலையத்தில் கிடையாது. முப்பத்தோராவது நாள் அவர் என்ன செய்வார்?"

எனக்குப் பதில் வரவில்லை. அன்று மாலையே எங்கள் டாக்டர் அவரோடு சுகாதார நிலையத்துக்குப் போய், அங்கே எப்போதும் கிடைக்கும் மாத்திரை எது என்று பார்த்து வந்தார். மறுநாள் பாட்டியைத் தேடிப் போய் நோட்டில் மாற்றி எழுதினோம்.

அப்புறம் தண்ணீர். பேதியோடு வந்த ஒரு குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கொடுத்தேன். இரண்டு நாளில் அதே அம்மா அதே குழந்தையோடு வந்து நின்றார். எந்தத் தண்ணீரில் கரைத்தீர்கள் என்று கேட்டு, அவர் கூடவே நடந்து போனேன். திறந்த ஊற்று. ஆடும் அதில்தான் குடிக்கிறது. வழியிலேயே ஓர் அடிபம்பு இருந்தது. அடித்தால் காற்றுதான் வந்தது.

அது அஃப்ரிடெவ் பம்பு. 1980களில் மலாவியிலும் கென்யாவிலும் உருவான மாடல். நம் ஊர் இந்தியா மார்க் 2 பம்பைக் கழற்ற வேண்டுமானால் ஆளும் சாமானும் வண்டியில் வரவேண்டும். இதை அந்த ஊர்ப் பெண்களே ஒரு ஸ்பேனரை வைத்துக்கொண்டு கழற்றினார்கள். குழாயைத் தூக்க வேண்டாம். உள்ளே இருக்கும் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கொக்கி விடுவித்து மேலே இழுத்தால் பிஸ்டன் கையோடு வந்துவிடுகிறது. நான் கிட்டே நின்று பார்த்தேன். தேய்ந்து போயிருந்தது உள்ளங்கையில் அடங்கும் ஒரு ரப்பர் வாஷர், அவ்வளவுதான். பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் அங்கேயே இருக்கிறார்கள். வாஷர் வாங்கக் காசும், டவுனுக்குப் போக வண்டியும்தான் இல்லை. எங்கள் ஜீப் டவுனுக்குப் போய் வந்தது. மாலையில் தண்ணீர் வந்தபோது பெண்கள் பாடினார்கள். என் பத்து நாளில் நான் செய்த பெரிய வைத்தியம் அந்த வாஷருக்காக ஜீப்பை அனுப்பியதுதான் என்று மனப்பூர்வமாக நம்புகிறேன்.

கிளம்பும் நாளில் உதவியாளரிடம், அடுத்த முறை என்ன கொண்டு வரட்டும் என்று கேட்டோம். யோசித்து ஒரு சீட்டில் எழுதினார். சைக்கிள் டயர், டியூப். பிரஷர் மெஷினுக்கு பேட்டரி. மழைக்கோட்டு. பம்பு வாஷர், பன்னிரண்டு. மாத்திரை என்று எதுவும் அதில் இல்லை.

அந்தச் சீட்டு என் பைபிளுக்குள் இருக்கிறது. வாஷரும் டியூபும் வாங்கியாகிவிட்டது. அங்கே ஏப்ரலோடு மழை முடியும். மலைப்பாதை காய்ந்ததும், மே மாதம் கிளம்புகிறோம்.