குழந்தையின் தலை வறண்டு அரித்தால்: கடுகெண்ணெயா, தனாக்காவா, மொட்டையா?

வணக்கம். இந்த வாரம் பர்மாவில் பெகு ஊரிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிற கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மகளுக்கு 2 வயது 4 மாதம். கார்த்திகை பிறந்ததிலிருந்து தலை வறண்டு வெள்ளை வெள்ளையாக உதிர்கிறதாம், ராத்திரியில் தூங்காமல் சொறிகிறாளாம். மாமியார் கடுகெண்ணெய் தேய் என்கிறார். பக்கத்து வீட்டு பர்மாக்கார அக்கா தனாக்கா மரப்பட்டையை அரைத்துப் பூசு என்கிறார். கணவரோ ஒரேயடியாக மொட்டை போட்டுவிடலாம் என்கிறார். "யார் பேச்சைக் கேட்பது அக்கா?" என்று எழுதியிருக்கிறார்.

மூன்று பேருமே பிள்ளை மேல் உள்ள பாசத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் மூன்று பேரில் ஒருவராவது குழந்தையை வாசலில் வெளிச்சத்தில் உட்கார வைத்து, முடியை விலக்கிப் பார்த்தார்களா? அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பூசுவது அப்புறம். முதலில் பாருங்கள்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், பெரியவர்களுக்கு வருகிற பொடுகு இந்த வயதில் அதிகம் வருவதில்லை. கைக்குழந்தையாக இருக்கும்போது உச்சந்தலையில் மஞ்சளாக, பிசுபிசுப்பாகச் செதில் ஒட்டியிருக்கும், அது பெரும்பாலும் ஒரு வயதுக்குள் தானாகவே போய்விடும். அதற்கப்புறம் வயசுக்கு வருகிற காலம்வரை தலைத்தோலில் எண்ணெய்ப்பசை குறைவு. அதனால் 2 வயதுப் பிள்ளைக்குத் தலை உதிர்ந்து அரித்தால் நான் நினைப்பது மூன்று: வறட்சியோடு சேர்ந்த கரப்பான் (எக்ஸிமா), பேன், படர்தாமரை.

பேனா என்று பார்ப்பது சுலபம். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் பாருங்கள். வெள்ளையாக இருப்பதை நகத்தால் தள்ளினால் பொடுகு உதிர்ந்துவிடும். ஈர் முடியைப் பிடித்துக்கொண்டு நகராது. கரப்பான் என்றால் பெரும்பாலும் தலையோடு நிற்காது. முழங்கை மடிப்பு, முழங்கால் பின்பக்கம், கழுத்து எங்கேயாவது சிவந்து சொரசொரப்பாக இருக்கும். வீட்டில் யாருக்காவது இழுப்போ தும்மலோ இருந்தால் இன்னும் சந்தேகப்படலாம்.

படர்தாமரைதான் கொஞ்சம் கவனிக்க வேண்டியது. ஒரு இடத்தில் மட்டும் வட்டமாகச் செதில், அங்கே முடி உடைந்து கறுப்புப் புள்ளி போல நிற்பது, பிடரியில் நெறி கட்டுவது, இவை இருந்தால் எண்ணெயும் வேண்டாம், மருந்துக்கடையில் கொடுக்கிற களிம்பும் வேண்டாம். பூஞ்சை முடியின் வேருக்குள் இருக்கிறது, மேலே பூசுவது அங்கே போய்ச் சேராது. டாக்டர் பார்த்து உள்ளுக்கு மருந்து கொடுப்பார், பல வாரம் கொடுக்க வேண்டியிருக்கும். தெருப் பூனையைத் தூக்கிக் கொஞ்சுகிற பிள்ளையா என்றும் யோசித்துப் பாருங்கள், பூனை நாயிடமிருந்தும் இது வரும்.

இது எதுவும் இல்லை, வெறும் வறட்சிதான் என்றால், காரணம் பாதி நம் பருவம்தான். ஐப்பசி வரை மழையில் ஊறிக்கிடந்த ஊர், கார்த்திகை, மார்கழி, தையில் ஒரு துளி இல்லாமல் காய்ந்துவிடுகிறது. மீதிப் பாதி நாம் செய்வது. என் மகனுக்கு இப்படி வந்தபோது அழுக்கு என்று நினைத்து தினமும் ஷாம்பு போட்டு, நகத்தால் பரபரவென்று தேய்த்தேன். 10 நாளில் தலை புண்ணாகிப்போனது. அந்தப் புத்திசாலித்தனத்தை நீங்கள் செய்யாதீர்கள்.

வாரத்துக்கு 1 அல்லது 2 தடவை தலைக்கு ஊற்றினால் போதும். வெதுவெதுப்பான தண்ணீர், 10 நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள். வாசனை இல்லாத குழந்தை ஷாம்பு கொஞ்சூண்டு, விரல் நுனியால் மட்டும். நம் பெரியவர்கள் தயோ மரப்பட்டையும் கின்புன்னும் சேர்த்த பர்மிய தயோ கின்புன் போட்டுத் தலை அலசுவார்கள். கின்புன் வேறொன்றுமில்லை, நம் சீயக்காய்தான். பெரியவர்கள் தலைக்கு நல்லதுதான், வெடித்த தோலில் எரியும், கண்ணில் பட்டால் பிள்ளை அடுத்த குளியலுக்கு ஓடி ஒளிந்துகொள்ளும்.

இப்போது மாமியார் விஷயம். கடுகெண்ணெய் காரம், வறண்ட தோலை இன்னும் எரிச்சலாக்கும். அதற்குப் பதில் தேங்காயெண்ணெய். குளிக்க அரைமணி முன்னால் சொட்டுச் சொட்டாகத் தலைத்தோலில் தடவி, செதில் ஊறியதும் மெல்லிய பிரஷ்ஷால் வாரி, பிறகு அலசிவிடுங்கள். நாள்கணக்கில் வழியவழிய வைத்திருக்க வேண்டாம். அலசியபின் துண்டால் ஒற்றி, ஈரம் இருக்கும்போதே மணமில்லாத மாய்ஸ்சரைசரை வகிடு எடுத்து எடுத்துக் கொஞ்சம் தடவுங்கள். ஒரு முக்கியமான விஷயம்: எண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. சின்னப் பிள்ளைக்கு அது கூடவே கூடாது. தோல் வழியாகவும் உடம்பில் இறங்கும், வாயில் போனால் வலிப்பே வரலாம். எலுமிச்சைச் சாறும் வேண்டாம்.

தனாக்கா கன்னத்துக்கு அழகு, குளிர்ச்சி, நானும் தினம் பூசுகிறேன். ஆனால் காய்ந்தால் தோலை இறுக்கி உதிரும். ஏற்கெனவே உதிர்கிற தலையில் அதையும் பூசினால் எது செதில், எது தனாக்கா என்று யாருக்குத் தெரியும்? கன்னத்தோடு நிறுத்துங்கள்.

மொட்டை போடுவதால் வறட்சி போகாது. சொறிந்து சிவந்த தோலில் சவரக்கத்தி பட்டால் கீறலில் கிருமி ஏறும். கோவிலுக்கு நேர்ந்திருந்தால் ஆறின பிறகு போடுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது. வசதிக்கு வேண்டுமானால் கத்தரிக்கோலால் முடியைக் குட்டையாக வெட்டிவிடுங்கள். கை நகத்தையும் வெட்டுங்கள். ராத்திரி மெல்லிய பருத்தித் துணியில் சட்டை போதும். போர்த்திப் போர்த்தி வியர்க்க வைத்தால் அரிப்பு கூடும்.

இதை 2 வாரம் செய்தும் குறையவில்லை என்றால் டாக்டரிடம் போங்கள். நீர் வடிகிறது, மஞ்சளாகப் பொருக்கு கட்டுகிறது, காய்ச்சல் இருக்கிறது, முடி கொட்டி வழுக்கை தெரிகிறது என்றால் 2 வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே காட்டுங்கள். அரிப்புக்கு என்று கடையில் கேட்டு ஸ்டீராய்டு களிம்பு வாங்கி நீங்களாகத் தடவாதீர்கள். படர்தாமரையாக இருந்தால் அது வெளியே அடங்கினமாதிரி காட்டி உள்ளே வளர்த்துவிடும்.

அப்புறம், போகிற அன்று பிள்ளைக்கு எண்ணெய் தடவி, படிய வாரிவிட்டுக் கூட்டிப் போகாதீர்கள். நமக்கு அது மரியாதை, டாக்டருக்கு அந்தச் செதில்தான் வேண்டும். அதைச் சுரண்டி எடுத்துத்தான் சோதித்துப் பார்ப்பார்கள்.